ஊர் சிரித்தது, காடு வளர்ந்தது!

மழைக்காலம் வர இன்னும் பல வாரங்கள் இருந்தன. நிலம் பாறை போல் இறுகிக் கிடந்தது. வெயில் நெருப்பாய்க் கொட்டியது. அந்த வேளையில் யாராவது நிலத்தைக் கொத்துவார்களா?

ஒருவர் கொத்தினார். குழி குழியாகத் தோண்டினார். ஒன்றல்ல, இரண்டல்ல, ஆயிரக்கணக்கான குழிகள்!

அவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஊரார் பேசிக்கொண்டார்கள்.

அவர் பெயர் யாகூபா சவடோகோ. மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள புர்க்கினா பாசோ நாட்டுக் குடியானவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். பின்னாளில் உலகம் அவரை அழைத்துப் பரிசு கொடுத்தது. ஆனால், அவர் பாடுபட்டுத் திருத்திய நிலத்துக்குச் சொந்தக்காரர் யார் என்ற கேள்வி எழுந்தபோது, அவர் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

அந்தக் கதை இது.

கடல் இல்லாத நாடு

புர்க்கினா பாசோவுக்குக் கடற்கரை கிடையாது. சுற்றிலும் ஆறு நாடுகள். வடக்கே போகப் போகச் சகாரா பாலைவனம் நெருங்கும்.

முன்பு பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டார்கள். 1960-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி சுதந்திரம் கிடைத்தது. அப்போது அந்த நாட்டுக்கு 'மேல் வோல்ட்டா' என்று பெயர். 1984-ல் பெயரை மாற்றினார்கள். 'நேர்மையான மக்களின் நாடு' என்பது புதிய பெயரின் பொருள்.

அங்கே பெரும்பாலோர் குடியானவர்கள். சோளமும் கம்பும்தான் உயிர்ப் பயிர்கள். மாவைக் கொதிக்கும் நீரில் போட்டுக் கிண்டிக் களி செய்வார்கள். கீரைக் குழம்பு ஊற்றிச் சாப்பிடுவார்கள். அந்தக் களிக்கு 'டோ' என்று பெயர்.

நாம் சாப்பிடும் கம்பும் ஆதியில் மேற்கு ஆப்பிரிக்காவில் பயிரானதுதான். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து நம் நாட்டுக்கு வந்து சேர்ந்தது.

ஊரைக் காலி செய்த பஞ்சம்

நாட்டின் வடபகுதியில் யாட்டெங்கா என்று ஒரு மாகாணம் இருக்கிறது. அதன் தலைநகர் வாகிகூயா. அந்தப் பட்டணத்துக்குப் பக்கத்தில் உள்ள கூர்கா என்ற கிராமத்தில்தான் 1946-ல் யாகூபா பிறந்தார்.

யாட்டெங்காவில் ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் மழை. மற்ற மாதங்களில் ஒரு சொட்டுகூட விழுவது அரிது. 1968-க்குப் பிறகு அந்த மழையும் பொய்த்தது. ஆண்டுக்கு ஆண்டு வறட்சி. 1973-ல் பஞ்சம் உச்சத்துக்குப் போனது. ஆடு மாடுகள் மடிந்தன. கிணறுகள் வற்றின. 1980-களிலும் வறட்சி திரும்பி வந்தது.

பெண்கள் ஒரு குடம் தண்ணீருக்கும் ஒரு கட்டு விறகுக்கும் வெகு தூரம் நடந்தார்கள். ஆண்கள் தெற்கே ஐவரி கோஸ்ட் நாட்டுக்குப் போய், கோகோ, காப்பித் தோட்டங்களில் கூலி வேலை பார்த்தார்கள். 1975-க்கும் 1985-க்கும் இடையில் சில ஊர்களில் நாலில் ஒரு குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டது.

மண்ணும் கெட்டது. மரங்கள் போயின. காற்று மேல்மண்ணை வாரிக்கொண்டு போனது. மிஞ்சிய நிலம் வெளுத்து, இறுகி, மேலே ஓடு கட்டிக்கொண்டது. மழை பெய்தாலும் தண்ணீர் உள்ளே இறங்காது, வழிந்து ஓடிவிடும். இப்படிப்பட்ட நிலத்துக்கு அவர்கள் பாஷையில் 'ஸிப்பெல்லே' என்று பெயர்.

இயந்திரம் வந்தது, போனது

அரசாங்கம் சும்மா இருந்ததா? இல்லை. பஞ்சம் வருவதற்கு முன்பே, 1962 முதல் 1965 வரை யாட்டெங்காவில் ஒரு பெரிய திட்டம் நடந்தது. ஐரோப்பாவின் பணம். ஐரோப்பிய நிபுணர்கள். மண் தள்ளும் ராட்சத இயந்திரங்கள். சுமார் 3 லட்சம் ஏக்கரில் மண் கரைகள் போட்டார்கள்.

பார்ப்பதற்குப் பிரமாதமாக இருந்தது. ஆனால் ஒன்றை மறந்துவிட்டார்கள். அந்த நிலத்தில் உழுது பிழைப்பவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை!

'இது அரசாங்கத்துக் கரை' என்று குடியானவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். கரை உடைந்தபோது யாரும் மண் போடவில்லை. சில ஆண்டுகளில் எல்லாம் கரைந்து போயின.

கடையை மூடினார்

யாகூபா சிறுவனாக இருந்தபோது, பக்கத்து நாடான மாலியில் உள்ள ஒரு குரான் பள்ளிக்கு அவரை அனுப்பினார்கள். பிறகு ஊர் திரும்பினார். வாகிகூயா சந்தையில் கடை வைத்தார். வியாபாரம் நன்றாகவே நடந்தது.

ஆனால், ஊரில் குடும்பங்கள் பசியால் வாடுவதைப் பார்த்துக்கொண்டு கடையில் உட்கார அவருக்கு மனம் வரவில்லை. 1980-ம் ஆண்டு வாக்கில் கடையை மூடிவிட்டு நிலத்துக்குத் திரும்பினார். எல்லோரும் பட்டணத்தைப் பார்த்து ஓடிய நேரத்தில், அவர் பட்டணத்தை விட்டு வந்தார்.

பாட்டன் காலத்துப் பழைய முறை ஒன்றை அவர் கையில் எடுத்தார். அதன் பெயர் 'ஸாய்'. அதிகாலையில் எழுந்து நிலத்தைத் தயார் செய்வது என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள்.

முறை எளிதுதான். கோடையிலேயே குட்டை மண்வெட்டியால் சிறு குழிகள் தோண்ட வேண்டும். மழை வந்ததும் அவற்றில் தண்ணீர் தங்கும், அதில் விதைக்கலாம்.

யாகூபா இதைத் திருத்தினார். குழியை அகலமாக்கினார்; ஆழமாக்கினார். ஒரு சாண் முதல் ஒன்றரைச் சாண் அகலம். அரைச் சாண் முதல் முக்கால் சாண் ஆழம். குழிக்குள் சாணியும் குப்பை எருவும் போட்டார்.

கறையான் செய்த உதவி

எரு போட்டதும் கறையான் வந்தது!

கறையான் என்றால் நாம் மருந்து அடிப்போம். யாகூபாவோ கறையானை வேலைக்காரனாக வைத்துக்கொண்டார். எருவைத் தின்ன வந்த கறையான்கள் கெட்டி மண்ணுக்குள் நுண்ணிய துளைகள் போட்டன. மழை பெய்ததும் தண்ணீர் அந்தத் துளைகள் வழியாகக் கீழே இறங்கியது. எரு மண்ணோடு மண்ணாகக் கலந்தது. உழாமலே மண் இளகியது.

இதில் இயந்திரம் இல்லை. கடன் இல்லை. ஆனால் உழைப்பு இருக்கிறது! ஒரு ஏக்கருக்கு 4 ஆயிரம் முதல் 10 ஆயிரம் குழிகள் வரை தோண்ட வேண்டும். ஒருவரே தோண்டினால் நூறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவும் சுடும் வெயிலில்!

ஊர் வழக்கத்துக்கு மாறாகக் கோடையில் மண்ணைக் கொத்தியதைப் பெரியவர்கள் விரும்பவில்லை. சிலர் சிரித்தார்கள். சிலர் கோபப்பட்டார்கள். அவருடைய பயிரிலும் மரங்களிலும் தீ வைக்கப்பட்டது. அவர் மறுபடியும் மண்வெட்டியை எடுத்தார்.

ஒரு தானியம்கூட விளையாத அந்த நிலத்தில் விளைச்சல் வந்தது. இந்த முறையில், மழை குறைந்த ஆண்டில்கூட ஏக்கருக்கு 120 முதல் 160 கிலோ தானியம் கிடைக்கிறது. நல்ல மழை பெய்தால் 600 கிலோவும் கிடைக்கும்.

எருவோடு மர விதைகளும் குழிக்குள் வந்திருந்தன. சோளத்துக்குப் பக்கத்தில் மரக்கன்றுகள் தலைகாட்டின. யாகூபா அவற்றைப் பிடுங்கவில்லை. மேலும் மேலும் விதை போட்டு வளர்த்தார். பொட்டல் காடாயிற்று. கிட்டத்தட்ட நூறு ஏக்கர்! 60-க்கு மேற்பட்ட வகை மரங்களும் செடிகளும்! மருந்துக்கு ஆகும் இலையும் பட்டையும் அங்கேயே கிடைத்தன. பறவைகள் திரும்பி வந்தன.

கல்லும் டியூபும்

அதே காலத்தில் யாட்டெங்காவில் இன்னொரு வேலையும் நடந்தது. ஆக்ஸ்பாம் என்ற தொண்டு ஸ்தாபனம் குடியானவர்களோடு கலந்து பேசி, கல் வரப்பு போடும் முறையைப் பரப்பியது.

மண் கரை தண்ணீரை அடைக்கும், தாங்காமல் உடையும். கல் வரப்போ தண்ணீரை மெதுவாகக் கசியவிடும்; வண்டல் மண்ணைப் பிடித்து வைக்கும். ஆனால், வரப்பு சம மட்டத்தில் ஓடவேண்டும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருப்பார்களே, தண்ணீர் நிரப்பிய டியூப்! அதுதான் கருவி. இரண்டு கம்புகளில் டியூபின் இரு முனைகளையும் கட்டி, தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் போதும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஓரிரு நாளில் கற்றுக்கொண்டார்.

ராட்சத இயந்திரத்தால் ஆகாததை ஒரு டியூப் செய்தது. காரணம், டியூபைப் பிடித்தவர் அந்த நிலத்துக்காரர்!

குழி தோண்டப் பள்ளிக்கூடம்

யாகூபா தமக்குத் தெரிந்ததை மூடி வைக்கவில்லை. 1984 முதல் தம் நிலத்தில் ஆண்டுக்கு இரண்டு தடவை சந்தை கூட்டினார். அறுவடைக்குப் பிறகு ஒன்று. விதைப்புக்கு முன் ஒன்று. நூற்றுக்கு மேற்பட்ட ஊர்களிலிருந்து குடியானவர்கள் வந்தார்கள். எந்த விதை வறட்சியைத் தாங்கியது என்று பேசினார்கள். விதைகளை மாற்றிக்கொண்டார்கள்.

உசேனி ஸொரோமே என்ற குடியானவர் 1992-ல் ஸாய் 'பள்ளிக்கூடம்' தொடங்கினார். சாலையோரத்துச் சரளை நிலம்தான் வகுப்பறை, மண்வெட்டிதான் புத்தகம். பத்தே ஆண்டுகளுக்குள் இப்படி 20-க்கு மேற்பட்ட பள்ளிகள் தோன்றின.

1989-ல் நைஜர் நாட்டிலிருந்து 13 குடியானவர்கள் யாட்டெங்காவுக்கு வந்து பார்த்தார்கள். ஊர் திரும்பித் தாங்களும் குழி தோண்டினார்கள்.

மொத்தத்தில் நாட்டின் மத்திய பீடபூமியில் 5 லட்சம் முதல் 7½ லட்சம் ஏக்கர் நிலம் இப்படி உயிர் பெற்றது. இதனால் ஆண்டுக்கு 80 ஆயிரம் டன் தானியம் கூடுதலாக விளைகிறது என்று 2009-ல் ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள். அது 5 லட்சம் பேருக்குச் சாப்பாடு!

மண்ணுக்குள் தண்ணீர் இறங்கியதால் கிணறுகளில் நீர்மட்டம் உயர்ந்தது. தண்ணீருக்காகப் பெண்கள் நடந்த தூரம் குறைந்தது.

நிலம் யாருடையது?

இங்கேதான் கதை திரும்புகிறது.

பொட்டலாகக் கிடந்தவரை அந்த நிலத்தை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பசுமையானதும் எல்லோர் கண்ணும் அதன்மேல் விழுந்தது.

புர்க்கினா பாசோ கிராமங்களில் நிலம் ஊர் வழக்கப்படி நடக்கிறது. நிலத்துக்கென்று ஒரு தலைவர் உண்டு. இன்ன குடும்பம் இன்ன இடத்தில் பயிர் செய்யலாம் என்பது வாய்ச்சொல்தான், பத்திரம் கிடையாது. பெண்களுக்கோ பெரும்பாலும் கணவன் வீட்டார் விட்டுக்கொடுக்கும் துண்டு நிலம்தான்.

1984-ல் அப்போதைய தலைவர் தாமஸ் சங்காராவின் அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. நிலம் அனைத்தும் அரசாங்கத்துக்கே சொந்தம் என்றது அந்தச் சட்டம். ஏழைக்கு நியாயம் செய்வதுதான் நோக்கம். 1987 அக்டோபர் 15-ந் தேதி சங்காரா சுட்டுக் கொல்லப்பட்டார். சட்டம் மட்டும் நின்றது.

வாகிகூயா பட்டணம் வளர்ந்தது. கூர்காவை நோக்கி நீண்டது. யாகூபாவின் காட்டில் ஒரு பகுதியும் வீட்டு மனைகளாகப் பிரிக்கப்பட்டது. முப்பது ஆண்டு உழைப்புக்கு அவரிடம் பத்திரம் இல்லை. தாம் வளர்த்த காட்டைத் தாமே விலை கொடுத்து வாங்க வேண்டிய நிலை அவருக்கு வந்தது!

கிராமத்தார் அனுபவிக்கும் நிலத்துக்குச் சான்றிதழ் தரலாம் என்று 2009-ல் புதிய சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் தலைநகரில் போட்ட கையெழுத்து கிராமத்து வாசலுக்கு எட்டுவதற்கு வெகு நாளாகிறது.

பரிசும் துப்பாக்கியும்

2018-ல் 'மாற்று நோபல் பரிசு' எனப்படும் சுவீடன் நாட்டுப் பரிசு யாகூபாவுக்குக் கிடைத்தது. 2020-ல் ஐக்கிய நாடுகள் சபை 'பூமியின் வீரர்' என்று அவருக்குப் பட்டம் கொடுத்தது.

அதற்குள் நாட்டில் வேறொரு நெருப்பு பற்றிக்கொண்டது. 2015 முதல் ஆயுதக் கும்பல்கள் கிராமங்களைத் தாக்கத் தொடங்கின. யாட்டெங்காவும் தப்பவில்லை. 2022-ல் ஜனவரியில் ஒரு தடவை, செப்டம்பரில் ஒரு தடவை ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 2023-ல் வீடு வாசலை விட்டு ஓடியவர்கள் 20 லட்சத்துக்கு மேல். பஞ்சத்தில் ஊரை விட்டுப் போகாதவர்களையும் துப்பாக்கி விரட்டியது.

2023 டிசம்பர் 3-ந் தேதி யாகூபா காலமானார். அவருக்கு வயது 77.

செத்த மண்ணுக்கு உயிர் கொடுக்க ஒரு மண்வெட்டி போதும் என்று அவர் காட்டினார். ஆனால், திருத்திய மண் திருத்தியவன் கையிலேயே இருப்பதற்கு மண்வெட்டி போதாது. ஊரை ஒரு வார்த்தை கேட்டுச் செய்யும் அரசாங்கம் வேண்டும். உழைத்தவன் பேரில் ஒரு காகிதம் வேண்டும். இரவில் பயமில்லாமல் தூங்க ஓர் ஊர் வேண்டும்.

குழி தோண்டுவதைக் குடியானவன் செய்துவிட்டான். மிச்ச வேலை ஆளுகிறவர்களுடையது.