உங்களுக்குத் தெரியுமா? டீசல் காருக்கு நீண்ட ஓட்டமும் வேண்டும்

2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பி.எஸ்.6 விதி வந்தபின், புது டீசல் கார்களின் சைலன்சர் பாதையில் டி.பி.எஃப். என்ற கரி வடிகட்டி இருக்கிறது. சேரும் கரியைச் சுமார் 600 டிகிரி செல்சியஸ் சூட்டில் எரித்து, தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும்.

திருப்பூர் நெரிசலில் பனியன் கம்பெனிக்கும் சாயப்பட்டறைக்குமாக நின்று நின்று ஓடும் காரில் அந்தச் சூடு ஏறாது. எரிப்பு அடிக்கடி பாதியில் நின்றால் டீசல், இன்ஜின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் கூடியிருக்கும்!

உடுமலையிலிருந்து அமராவதி நகர் 20 கி.மீ.க்கு மேல். டி.பி.எஃப். விளக்கு எரிந்தால், இப்படியொரு சாலையில் 20 நிமிடம் சீரான வேகத்தில் ஓட்டினாலே பெரும்பாலும் அணைந்துவிடும்.

அணையாவிட்டால் உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஆயில் மாற்றும்போது, டி.பி.எஃப். வண்டிக்கான சாம்பல் குறைந்த ரகத்தையே கேட்டு வாங்குங்கள்.