பிணங்களுக்கு நடுவே ஒரு கடைப் பயணம்

தூக்கக் கலக்கத்தோடு தெருமுனைக் கடைக்குப் போகிறான் ஷான். ஃபிரிட்ஜ் கதவில் ரத்தக் கைத்தடம். தரையில் ரத்தம், கால் வழுக்குகிறது. எதையும் அவன் கவனிக்கவில்லை. தள்ளாடி வரும் பிணத்தைப் பிச்சைக்காரர் என்று நினைத்து, சில்லறை இல்லை என்கிறான்.

எட்கர் ரைட் இயக்கி 2004இல் வெளியான ‘ஷான் ஆஃப் த டெட்’ படக் காட்சி இது. முன்பொரு காலையில் அவன் நடந்த அதே நடை, அதேபோல நீளமான ஒரே ஷாட்டில். பகடியின் உயிர் இங்கேதான் இருக்கிறது: பேய்ப்பட இலக்கணத்தை ரைட் கேலி செய்யவில்லை, காதலிக்கிறார். கடிபட்ட அம்மாவை மகனே சுடும் கட்டத்தில் சிரிப்பு தொண்டையில் அடைக்கிறது.

நாயகன் சைமன் பெக்கும் ரைட்டும் சேர்ந்து எழுதிய கதை. ஜோம்பிப் படங்களின் பிதாமகர் ஜார்ஜ் ரொமெரோவுக்கு இது பிடித்துப்போக, 2005இல் தன் ‘லேண்ட் ஆஃப் த டெட்’ படத்தில் இருவரையும் பிணங்களாகவே நடிக்க வைத்தார்.