முற்றத்துக் கோழி

ஐரோலி எங்கே இருக்கிறது? மும்பையில் முலுண்டு வரை போக வேண்டும். அங்கிருந்து தானே கழியைக் கடந்தால் அக்கரையில் இருப்பது ஐரோலி. கழி என்றால் கடல்நீர் ஊருக்குள் ஏறி இறங்கும் நீர்ப்பரப்பு. 1999-ஆம் ஆண்டு முதல் அதன்மேல் பாலம் இருக்கிறது. பாலத்தைத் தாண்டியதும் உயரமான கட்டடங்களும் பெரிய அலுவலகங்களும் கண்ணில் படும். தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்களும் இங்கே வாழ்கின்றன.

இந்தக் கட்டடங்களுக்கு நடுவே பழைய ஊர் ஒன்று இருக்கிறது. நெருக்கமான வீடுகள், குறுகிய சந்துகள். சில வீடுகளின் முன்னால் கொஞ்சம் முற்றம். இதை மராத்தியில் காவ்டாண் என்பார்கள். தமிழ்நாட்டில் நத்தம் என்று சொல்வது இதைத்தான். ஆக்ரி, கோளி என்னும் இரண்டு சமூகத்து மக்கள் இங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். ஆக்ரி மக்கள் நெல் விளைவித்தார்கள்; உப்பளத்தில் உப்பு எடுத்தார்கள். கோளி மக்கள் மீன் பிடிப்பவர்கள். (கோளி என்ற பெயருக்கும் கோழிக்கும் சம்பந்தம் இல்லை. கோழியை மராத்தியில் கோம்ப்டி என்பார்கள்.)

வயல் போனது, முற்றம் மிஞ்சியது

மும்பையில் நெரிசல் அதிகமானது. அக்கரையில் புது நகரம் ஒன்று கட்ட அரசு முடிவு செய்தது. அதற்காக 1970-இல் சிட்கோ என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. 95 கிராமங்களின் நிலம் எடுக்கப்பட்டது. வயல் போனது. உப்பளம் போனது. வீடுகள் இருந்த நத்தம் மட்டும் மிஞ்சியது. கிடைத்த இழப்பீடு போதாது என்று மக்கள் போராடினார்கள். 1984 ஜனவரியில் உரண் பகுதியில் போலீஸார் சுட்டதில் 5 பேர் இறந்தார்கள். எடுத்த நிலத்தில் 12.5 சதவீதத்தை வசதி செய்த மனையாகத் திருப்பித் தரும் திட்டம் அதற்குப் பிறகுதான் வந்தது.

இந்தக் கதைக்கும் கோழிக்கும் என்ன தொடர்பு? இருக்கிறது.

வயல் இருந்த காலத்தில் கோழிக்கு யாரும் தீனி வாங்கியதில்லை. களத்தில் சிந்திய நெல், புடைத்த பதர், உரலடியில் கிடந்த நொய், புல்லில் இருந்த பூச்சி, எருக்குழியில் இருந்த புழு, எல்லாம் அதற்கு உணவு. காலையில் திறந்துவிட்டால் மாலையில் தானே வந்து அடையும். செலவு இல்லை. வந்த முட்டையும் குஞ்சும் முழு வரவு. முற்றத்துக் கோழியின் கணக்கே இதுதான். கோழிப் பண்ணையின் கணக்கு வேறு. அங்கே தீனிதான் பெரிய செலவு.

வயல் போனதும் இந்தக் கணக்கு மாறிவிட்டது. கிளறுவதற்கு மண் குறைந்தது. சிமெண்டுத் தரையில் கோழி என்ன கிளறும்? கடையில் வாங்கிய தீனியை மட்டும் போட்டு 30 நாட்டுக்கோழி வளர்த்தால் கை நட்டம்தான் வரும். ஆனால் 4 பெட்டை, 1 சேவல் என்றால் கணக்கு இன்னும் நிற்கிறது. ஒரு வீட்டின் மிச்சம் மீதியில் அத்தனை கோழிதான் வாழ முடியும். எனவே முற்றம் எவ்வளவு, அடுப்படி மிச்சம் எவ்வளவு என்று பார்த்தே கோழியின் எண்ணிக்கையை முடிவு செய்ய வேண்டும்.

அடை வைப்பது

நாட்டுக்கோழி ஆண்டு முழுவதும் முட்டை இடாது. 12 முதல் 15 முட்டை இடும். பிறகு கேரத் தொடங்கும். உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு கூட்டை விட்டு எழுந்திருக்காது. இதுதான் அடைக்கு வந்த கோழி. 21 நாள் அடை காக்கும். பிறகு குஞ்சுகளோடு இரண்டு மூன்று மாதம் சுற்றும். அதன் பின்னரே மறுபடி முட்டைக்கு வரும். ஆகவே ஆண்டுக்கு மூன்று ஈடு, சில கோழி நான்கு ஈடு. ஒரு கோழி ஆண்டுக்கு 40 முதல் 60 முட்டைதான் இடுகிறது என்றால் அது சோம்பல் அல்ல. மீதி நாளெல்லாம் அது தாயாக இருக்கிறது.

அடைக்கு வைக்கும் முட்டை ஒரு வாரத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. கூர் முனை கீழே இருக்கும்படி, குளிர்ந்த இடத்தில் வைத்துச் சேர்க்க வேண்டும். கழுவக் கூடாது. முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. கழுவினால் அவற்றின் வழியாகக் கிருமி உள்ளே போகும். கோழியின் உடம்புக்கு ஏற்றபடி 10 அல்லது 12 முட்டை போதும். அதிகம் வைத்தால் ஓரத்து முட்டைக்குச் சூடு கிடைக்காது.

ஏழாம் நாள் இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்துப் பாருங்கள். உள்ளே சிவந்த நரம்புகள் தெரிந்தால் கரு வளர்கிறது. ஒன்றுமே தெரியாமல் தெளிவாக இருந்தால் அது குஞ்சு பொரிக்காது. அதை எடுத்துவிடலாம். இல்லாவிட்டால் கூமுட்டையாகி நாறும்.

அடைக்கூட்டில் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் மிளகாயும் வைக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் உண்டு. இடி இடித்தால் முட்டை கெடாமல் இருப்பதற்காம். இரும்பு இடியைத் தடுக்காது. ஆனால் அதே பாட்டிமார் கூட்டில் சாம்பலும் வேப்பிலையும் போடச் சொன்னார்கள். அது நல்ல யோசனை. அடைக்கோழியைக் கடிக்கும் பேன் அதில் குறையும். கோழி புரளுவதற்கு ஒரு மூலையில் மணலும் சாம்பலும் கலந்து வைப்பதும் அதே காரணத்துக்காகத்தான்.

குஞ்சு பொரித்த முதல் மூன்று வாரம்தான் கண்டம். காக்கை, பருந்து, பூனை, பெருச்சாளி, நாய் எல்லாம் காத்திருக்கும். ஐரோலியில் கழியோரத்துச் சதுப்பு நிலக் காடு பக்கத்திலேயே இருக்கிறது. நவி மும்பையின் இந்தக் காடுகளில் நரியும் உண்டு. எனவே பகலில் தாயையும் குஞ்சையும் பஞ்சாரத்துக்குள் கவிழ்த்து வையுங்கள். இரவில் கதவுள்ள கூட்டில் அடையுங்கள். 12 குஞ்சு பொரித்து 3 குஞ்சு மிஞ்சும் வீடும் உண்டு, 9 மிஞ்சும் வீடும் உண்டு. இரண்டுக்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் ஒரு பஞ்சாரம்தான்.

பாக்ரியும் நொய்யும்

ஆக்ரி, கோளி வீடுகளில் முக்கிய உணவு அரிசி பாக்ரி. தண்ணீரைக் கொதிக்கவிட்டு உப்புப் போட்டு, அதில் அரிசி மாவைக் கொட்டிக் கிளறி மூடி வைப்பார்கள். கொழுக்கட்டைக்கு மாவு கிண்டுவது போலத்தான். சூடு ஆறுவதற்குள் நன்றாகப் பிசைவார்கள். பிறகு கையில் தண்ணீர் தொட்டுத் தட்டி வட்டமாக்குவார்கள். சப்பாத்திக் கட்டை வேண்டாம். எண்ணெயும் வேண்டாம். சூடான மண் தவாவில் போட்டு மேலே கொஞ்சம் தண்ணீர் தடவுவார்கள். தண்ணீர் வற்றியதும் திருப்பிப் போடுவார்கள். கடைசியில் தணலில் காட்டினால் பூரி போல உப்பும். மீன் குழம்புக்கும் கோழிக் குழம்புக்கும் இதுதான் துணை.

கை பழகாதவர்களுக்கு முதல் பத்து பாக்ரி கிழியும். கிழிந்தது வீணாகாது. முற்றத்தில் ஆள் இருக்கிறதே!

மீந்த பாக்ரியைப் பிய்த்துக் கோழிக்குப் போடலாம். நொய், தவிடு, கீரைத்தண்டு, மீன் கழுவிய குடல், கருவாட்டுத் தலை எல்லாம் போடலாம். கருவாட்டை நன்றாக ஊறவைத்து உப்பைப் போக்கிய பிறகே போட வேண்டும். அதிக உப்பு கோழியைக் கொல்லும். மும்பையில் இன்னொரு மிச்சம் உண்டு. அது பாவ் ரொட்டி. நாள்பட்டுப் பச்சையாகப் பூசணம் பூத்த பாவ் ரொட்டியைக் கோழிக்குப் போடாதீர்கள். பூசணத்தின் நஞ்சு கோழியின் ஈரலைக் கெடுக்கும். மனிதர் தின்னக் கூடாத பூசணத்தைக் கோழியும் தின்னக் கூடாது.

மண் தரை இருக்கும் இடத்தில் கரையான் பிடிக்கலாம். பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலை போட்டுத் தண்ணீர் தெளித்து, மாலையில் மண்மேல் கவிழ்த்து வையுங்கள். விடிந்தால் கரையான் சேர்ந்திருக்கும். குஞ்சுக்கு இதைவிட நல்ல புரத உணவு காசு கொடுத்தாலும் கிடைப்பது அரிது.

சிறுவாடு

கோழி விற்ற பணம் பெரும்பாலும் பெண்களின் கையில் இருக்கிறது. மாடு விற்றால் ஆண் எண்ணுவான். கோழி விற்றால் பெண் முடிந்துகொள்வாள். தமிழில் இதற்குச் சிறுவாடு என்று பெயர். பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம், திடீர்க் காய்ச்சலுக்கு மருந்து, தங்கை வீட்டு விசேஷத்துக்கு மொய் எல்லாம் இதிலிருந்து வரும். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

கோழி இல்லாத பெண்ணுக்கும் வழி இருந்தது. வசதி உள்ளவள் ஒரு பெட்டையை வாரத்துக்கு விடுவாள். வளர்ப்பவள் குஞ்சில் பாதியைத் தன் பங்காக எடுத்துக்கொள்வாள். இரண்டு ஈட்டில் அவளுக்குச் சொந்தக் கோழி வந்துவிடும். வட்டி இல்லை, பத்திரம் இல்லை. வாய்ச்சொல்தான். வங்கிக் கடனைவிட இது எளிது.

சேவலை எப்போது விற்பது? மகாராஷ்டிரத்தில் ஆஷாட மாத அமாவாசையைக் கட்டாரி என்பார்கள். மறுநாள் சிராவண மாதம் பிறக்கும். பல வீடுகளில் அந்த மாதம் முழுதும் கறி கிடையாது. அதனால் அதற்கு முன் கோழிக்குக் கிராக்கி. வேடிக்கை என்னவென்றால் அது பெரும்பாலும் ஆடி அமாவாசை நாளாகவே இருக்கும். தமிழ் வீட்டில் விரதம், பக்கத்து வீட்டில் கோழிக் குழம்பு! நாட்டுச் சேவல் விற்கும் எடைக்கு வர ஐந்தாறு மாதம் ஆகும். தை மாதம் பொரித்த குஞ்சு ஆடியில் சரியாக இருக்கும். சிராவணம் பிறந்த பிறகு கொண்டுபோனால் விலை இறங்கிவிடும்.

ஒரே இரவில் வெறுமை

இத்தனையையும் ஒரு வாரத்தில் அழிப்பது வெள்ளைக்கழிச்சல். 1926-இல் ஜாவாவிலும், இங்கிலாந்தின் நியூகாசில் ஊரிலும் இது கண்டறியப்பட்டது. இந்தியாவில் இமயமலைப் பகுதியின் ராணிக்கேத் ஊரில் கண்டதால் ராணிக்கேத் நோய் என்றும் பெயர். கோழி தலை தொங்கி நிற்கும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். வெள்ளையும் பச்சையுமாகக் கழியும். சிலவற்றுக்குக் கழுத்து திருகும். வைரஸ் என்னும் நுண்கிருமியால் வருகிறது. வந்த பிறகு மருந்து இல்லை. மிளகும் சீரகமும் வெங்காயமும் அரைத்துக் கொடுப்பார்கள். நோய் வந்த கோழியை அது பிழைக்க வைக்காது.

அப்போது ஒரு எண்ணம் வரும். மிச்சக் கோழி சாவதற்குள் விற்றுவிடலாமா? ஏழை வீட்டில் அந்த எண்ணம் வருவது இயற்கை. ஆனால் விற்ற கோழியோடு நோயும் போகும். வாங்கியவளின் சிறுவாடும் அழியும். செத்த கோழியைக் கழியிலோ சாக்கடையிலோ எறிவதும் இதே வேலைதான். ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

ஐரோலிக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தானே கழிக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் பூநாரைகளும் மற்ற நீர்ப்பறவைகளும் வருகின்றன. பறவைக் காய்ச்சல் நீர்ப்பறவைகளிடமிருந்து கோழிக்கு வரக்கூடும். இந்தியாவில் இது கோழிகளில் முதன்முதலாக 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் கண்டறியப்பட்டது. ஆகவே கோழியைக் கழியோரம் மேயவிட வேண்டாம். ஒரே நேரத்தில் பல கோழி செத்தால் கையால் தொடாமல் கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். பயந்து மறைத்தால் நட்டம் உங்களுக்கே. நோயைத் தடுக்க அரசு அழிக்கும் கோழிக்கு இழப்பீடு உண்டு. தானாகச் செத்த கோழிக்குக் கிடையாது.

வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து இருக்கிறது. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டாம் வாரம் இறக்கையின் அடியில் ஒரு ஊசி. விலை அதிகம் இல்லை. பிறகு ஏன் கோழிகள் சாகின்றன? காரணம் குப்பியில் இருக்கிறது. ஒரு குப்பியில் 100 கோழிக்கு, சிலவற்றில் அதற்கும் மேல், மருந்து இருக்கும். கலக்கிய பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். 5 கோழி வைத்திருப்பவள் ஒரு குப்பி வாங்கி என்ன செய்வாள்? வாங்காமல் விட்டுவிடுகிறாள். வெப்பம் தாங்கும் மருந்தைத் தீனிக் குருணையில் ஏற்றித் தரும் முறையைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியது இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான். குருணை கிடைக்காத இடத்தில் தெரு ஒன்றுசேர வேண்டும்.

20 வீடு, வீட்டுக்கு 5 கோழி. ஒரு குப்பி சரியாகப் போகும். மகளிர் குழுக் கூட்டத்தில் ஒரு நாள் குறியுங்கள். கோடைக்கு முன்னால் வைப்பது நல்லது. முதல் நாள் மாலை கோழிகளைக் கூட்டில் அடைத்து விடுங்கள். திறந்துவிட்ட பிறகு பிடிப்பது பெரிய பாடு. மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்தே கொண்டு வாருங்கள். வெயிலில் பையில் தொங்கவிட்டு வந்த மருந்து வெறும் தண்ணீர். நலமாக இருக்கும் கோழிக்கு மட்டுமே போட வேண்டும். மிஞ்சிய மருந்தை நாளைக்கு என்று எடுத்து வைக்காதீர்கள். குப்பியைக் கொதிநீரில் வேகவைத்து, பிறகு புதையுங்கள்.