பின்னால் வருபவர் எங்கே?

சங்கம் ஒன்றைத் தொடங்குவதற்கு ஒரு மாலைப்பொழுதும் ஒரு கோப்பைத் தேநீரும் போதும். அதை மூன்று வருஷம் உயிரோடு வைத்திருப்பதுதான் பெரும்பாடு. வாசிகசாலை, நாடக மன்றம், விளையாட்டுக் கழகம் என்று நம்மிடையே எத்தனையோ பிறக்கின்றன. பெயர்ப்பலகையின் வர்ணம் மங்குமுன்னரே அவற்றுட் பல மறைந்தும் போகின்றன. கண்டி நகரிலே நாங்கள் சிலர் கூடித் தொடங்கிய மலைநடைச் சங்கமும் அவ்வழியே போயிருக்க வேண்டியதுதான். அது போகாமல் நின்ற கதை, வேறு சங்கங்களை நடத்தும் அன்பர்களுக்கும் பயன்படக்கூடும் என்ற எண்ணத்தில் இதனை எழுதலானேன்.

2017 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாங்கள் ஒன்பது பேர். ஆசிரியர்கள், வங்கி லிகிதர்கள், ஒரு தாதி, பல்கலைக்கழக மாணவர் இருவர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மலை என்பது ஏற்பாடு. காரியதரிசிப் பதவி என் தலையில் விழுந்தது. ஆறு மாதத்தில் அங்கத்தவர் தொகை நாற்பதைத் தாண்டியது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அலகல்லை மலையை எத்தனை மணி நேரத்தில் ஏறினோம், நக்கிள்ஸ் மலைத்தொடரில் எத்தனை கிலோமீற்றர் நடந்தோம் என்று ஒவ்வொரு பயணத்தின் பின்னும் குறித்து வைத்தேன். எத்தனை பேர் மறுமுறை வரவில்லை என்பதை மட்டும் குறித்து வைக்கவில்லை.

அடுத்த வருஷத்தின் நடுப்பகுதியில் பதினைந்து பேர் வந்தாலே அதிகம் என்றாயிற்று. செயற்குழு கூடி ஆராய்ந்தது. மழை என்றார் ஒருவர். பிள்ளைகளின் பரீட்சை என்றார் இன்னொருவர். இக்காலத்தவருக்கு ஊக்கம் போதாது என்றேன் நான். சந்தாவைக் குறைத்தோம், சங்கத்தின் பெயர் பொறித்த சட்டைகளும் தைப்பித்தோம். ஒன்றும் பலிக்கவில்லை.

ஹந்தானையில் ஒரு பிற்பகல்

2018 ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஹந்தானைக்குப் போனோம். பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு மேலே எழுந்து நிற்கும் மலைத்தொடர் அது. வீட்டு முற்றத்தில் நின்று பார்க்கக்கூடிய மலைதானே என்ற அலட்சியம் எங்களுக்கு. இரண்டு பருவமழைகளுக்கும் இடைப்பட்ட அம்மாதங்களில் காலை வெளித்திருக்கும். நண்பகலுக்குப் பின் மூடுபனி இறங்கி இடிமழை பெய்வது மலைநாட்டு வழக்கம். அதனை அறிந்திருந்தும் பத்து மணிக்குத்தான் புறப்பட்டோம்.

ஒரு மணியளவில் மூடுபனி இறங்கிற்று. மானாப்புல் ஆளுயரம் வளர்ந்த முகட்டிலே பத்து முழத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. வேகமாக நடப்பவர்கள் முன்னே இறங்க, மற்றவர்கள் பின்தொடர, மூன்று மணிக்குத் தேயிலை நூதனசாலைக்கு அண்மையில் வந்து கூடினோம். எண்ணிப் பார்த்தபோது பதினான்கு பேர். புறப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதிலேயே எங்களுக்குள் கருத்து வேற்றுமை! பதினான்கு என்றார் தலைவர். பதினைந்து என்றார் தாதி. பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தபோதுதான் இல்லாதவர் இன்னாரென்று தெரிந்தது. அறுபத்தொரு வயதுடைய, சற்றே பருத்த உடம்புள்ள ஓர் அங்கத்தவர். எப்பொழுதும் கடைசியில் வருபவர்.

நால்வர் மீண்டும் ஏறினோம். கூப்பிட்ட குரல் பனியிலே கரைந்தது. இடி முழங்கத் தொடங்கியது. ஐந்து மணிக்கு மேல், வழி இரண்டாகப் பிரியும் ஓரிடத்தில், பாறையொன்றின் ஓரமாக அவர் அமர்ந்திருக்கக் கண்டோம். வழி தெரியாதபோது அலைந்து திரியாமல் ஓரிடத்தில் இருப்பதே நன்று என்பதை அவர் அறிந்திருந்தபடியால் அன்று ஒரு குடும்பம் தப்பியது. எல்லோருக்குமென்று அவர் சுமந்து வந்த பெரிய தேநீர்க் குடுவை திறவாதபடியே பக்கத்தில் இருந்தது.

அவர் கோபிக்கவில்லை. இறங்கி வரும்போது மாத்திரம் சொன்னார்: "தம்பி, நீங்கள் இளைப்பாற உட்கார்ந்த இடத்துக்கு நான் வந்து சேருகிறபோது நீங்கள் எழும்பிப் புறப்பட்டுவிடுவீர்கள். இந்த ஒன்றரை வருஷத்தில் நான் உங்களோடு நடந்ததேயில்லை. உங்களுக்குப் பின்னால்தான் நடந்திருக்கிறேன்."

அடுத்த மாதம் அவர் வரவில்லை.

கேளாத கேள்வி

சில நாள் பொறுத்து அவருடைய வீட்டுக்குப் போனேன். மனைவியார் வாசலுக்கு வந்து, "வாருங்கோ" என்று அழைத்தாரேயன்றி முகத்தில் மலர்ச்சி இல்லை. அன்றிரவு எட்டு மணிவரை தெருவைப் பார்த்தபடி நின்றவர் அவர். "உங்களை நம்பித்தானே அனுப்பினேன்" என்று ஒரே வார்த்தை சொன்னார். என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். இனிமேல் அவரை முன்வரிசையில் நிறுத்தி நடப்போம் என்றும் சொன்னேன். அவர் சிரித்தார். "இரக்கப்பட்டு முன்னால் நிறுத்த வேண்டாம், தம்பி. எனக்கு ஒரு வேலை தாருங்கள்" என்றார். பிறகு உள்ளே சென்று சுருளொன்றை எடுத்து வந்து மேசைமீது விரித்தார். ஹந்தானைப் பகுதியைக் காட்டும் நில அளவைத் திணைக்கள வரைபடம். முப்பது வருஷம் படவரைஞராக வேலை பார்த்து இளைப்பாறியவர் அவர்! நாங்கள் வழிதவறக்கூடிய மூன்று இடங்களையும் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். ஒன்றரை வருஷம் கூட வந்த மனிதரிடம், 'உங்கள் தொழில் என்ன?' என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை.

ஊக்கம் போதாதவர்கள் அங்கத்தவர்களல்லர், நாங்களே என்பது அப்பொழுது விளங்கிற்று. அதன்பின், வராமல் நின்றவர்களின் வீடுகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போனோம். மழையையும் பரீட்சையையும் சொன்னவர்கள் மிகச் சிலர். "நான் வராவிட்டாலும் அங்கே ஒருவருக்கும் தெரியாது" என்பதே பலருடைய மறுமொழியாயிருந்தது.

வகுத்துக்கொண்ட ஒழுங்குகள்

முதலாவது ஒழுங்கு நடை பற்றியது. வேகம் குறைந்தவர்கள் முன்னால் நடப்பார்கள். வழி அறிந்த ஒருவர் அவர்களோடு போவார். அநுபவம் மிக்க ஒருவர் எல்லோருக்கும் கடைசியாக வருவார். அவருக்குப் பின்னால் ஒருவரும் இருக்கலாகாது. தங்குமிடத்தில், கடைசியில் வருபவர் உட்கார்ந்த பின்னரே இளைப்பாறும் நேரம் தொடங்கும். இவ்விதியைச் சகிக்கமாட்டாமல் வேகக்காரர் இருவர் விலகிக்கொண்டனர். அவர்கள் போனது வருத்தமே. ஆயினும் விதியை நாங்கள் மாற்றவில்லை.

இரண்டாவது எண்ணிக்கை. ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் உண்டு. வழி பிரியும் ஒவ்வோரிடத்திலும் நின்று அவரவர் தம் இலக்கத்தை வரிசையாகச் சொல்ல வேண்டும். இதனை நடத்தும் பொறுப்பைத் தாதியின் பன்னிரண்டு வயது மகளிடம் ஒப்படைத்தோம். இலக்கம் சொல்ல மறந்த தலைவரை அவள் எல்லோர் முன்னிலையிலும் கண்டித்த நாள்தொட்டு ஒருவரும் மறந்ததில்லை.

மூன்றாவது, வேலையில்லாத அங்கத்தவர் இருக்கலாகாது என்பது. ஒருவரிடம் மருந்துப் பெட்டி. ஒருவரிடம் உப்பும் சவர்க்காரமும், அட்டைக்கடிக்காக. ஒருவர் கண்ட பறவைகளையும் மரங்களையும் குறித்துக்கொள்வார். ஒருவர் செலவுக் கணக்கைப் பயண முடிவில், தேநீர்க் கடையிலேயே எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவார். வராதவரை அந்த வாரத்திலேயே ஒருவர் தொலைபேசியில் அழைத்துச் சுகம் விசாரிப்பார். ஏன் வரவில்லை என்று கேட்பது கூடாது.

நான்காவது நேரம். ஸ்கொத்லாந்து மலையேறியான வில்லியம் நெய்ஸ்மித் 1892 ஆம் ஆண்டில் ஒரு கணக்கை வகுத்தார். இன்றைய அளவைகளிற் சொல்வதானால், 5 கிலோமீற்றர் நடைக்கு ஒரு மணி. அதற்குமேல், ஏறும் ஒவ்வொரு 600 மீற்றர் உயரத்துக்கும் இன்னொரு மணி. இதன்படி 10 கிலோமீற்றர் நடந்து 600 மீற்றர் ஏறுவதற்கு மூன்று மணி நேரம் செல்லும். ஆனால் அது திடகாத்திரமான ஒருவர் நில்லாமல் நடக்கும் கணக்கு. எங்கள் படவரைஞர் அதனை இரட்டித்து ஆறு மணி என்றே எழுதுவார். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டால் பகல் ஒரு மணிக்கு, இடிமழைக்கு முன், அடிவாரத்தில் நிற்கலாம். சிகரத்தை அடைந்தாலும் அடையாவிட்டாலும் திரும்புவதற்கென ஒரு நேரம் முன்கூட்டியே குறிக்கப்படும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்த பகுதிக்கு, வாகனத்துக்கு முற்பணம் கொடுத்திருந்தாலும் போவதில்லை.

போகும் வழி, திரும்பும் நேரம், உடன் செல்வோர் பெயர், 1990 என்னும் அம்புலன்ஸ் சேவை இலக்கம் ஆகியவற்றை எழுதிய தாள் ஒன்று இப்பொழுது ஒவ்வொரு வீட்டிலும் விட்டுச் செல்லப்படுகிறது. அந்த அம்மையாருக்கு அன்று சொல்ல முடியாத மறுமொழி இந்தத் தாள்தான்.

நாங்கள் செய்த பிழை உலகுக்குப் புதிதன்று. 1857 இல் இலண்டனில் தோன்றிய அல்பைன் கழகம் மலையேறுவோர் சங்கங்களுக்கெல்லாம் மூத்தது. பெண்களை அது சேர்த்துக்கொள்ளாதபடியால் அவர்கள் 1907 இல் தமக்கெனத் தனிக் கழகம் அமைத்தார்கள். இரண்டும் ஒன்றாக இணைந்தது 1975 இல். யாரைப் பின்னால் விட்டோம் என்று திரும்பிப் பார்க்க மூத்த சங்கத்துக்கே அத்தனை காலம் சென்றது. நோர்வே நாட்டிலோ, 1868 இல் தோன்றிய மலைநடைச் சங்கம் வேறு வழியிற் சென்றது. மலைப்பாதைகளில் கற்களைக் குவித்துச் சிவப்பு வர்ணத்தால் அடையாளமிடுவதும், வழிப்போக்கர் தங்கும் குடில்களைப் பேணுவதும் பெரும்பாலும் அங்கத்தவர்களின் கைவேலை. தன் கையால் வர்ணம் பூசிய பாதையை எவரும் எளிதில் மறப்பதில்லை.

எங்கே, எப்பொழுது?

எங்கள் நாட்காட்டிக்குத் தேயிலையே வழிகாட்டி. தை முதல் பங்குனி வரை மேற்குச் சரிவுகளில், ஹற்றன், திம்புளைப் பகுதிகளில், நல்ல தேயிலை கிடைக்கும் வறண்ட பருவம். ஆடி முதல் புரட்டாதி வரை ஊவாவில், பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பகுதிகளில், அப்பருவம் வரும். தேயிலைக்கு மணம் கூடும் காலமே நடப்பவருக்கும் உகந்த காலம்.

கண்டியிலிருந்து தொடங்கி நுவரெலியாவில் முடியும் 'பெக்கோ' நடைபாதை சுமார் 300 கிலோமீற்றர் நீளமானது. 22 கட்டங்களாக வகுக்கப்பட்டது. மாதம் ஒரு கட்டம் என நடந்தால் ஒரு சங்கத்துக்கு இரண்டு வருஷ வேலை அதிலேயே இருக்கிறது. தொடங்கியதை முடிக்க வேண்டுமென்ற ஆவல், எத்தனை அறிவித்தல் அனுப்பியும் வராதவரையும் இழுத்து வரும்.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. இப்பாதைகளைப் பொழுதுபோக்குக்காக யாரும் வெட்டவில்லை. தேயிலையை மலையிலிருந்து இறக்குவதற்காக வெட்டப்பட்டவை அவை. தலைமுறை தலைமுறையாகத் தோட்டத் தொழிலாளரின் கால்களால் தேய்ந்தவை. 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரைப் பக்கமாக நாங்கள் நடந்தபோது, விறகுக் கட்டோடு வந்த மூதாட்டி ஒருவர், எங்கே போகிறோம் என்று கேட்டார். சும்மா நடக்க வந்தோம் என்றோம். "சும்மா நடக்கவா இம்புட்டுத் தூரம் வந்தீங்க?" என்று அவர் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, லயத்துக்கு அழைத்துச் சென்று எல்லோருக்கும் சாயத்தண்ணீர் கொடுத்தார். தோட்டத்தில் நுழையுமுன் அனுமதி கேட்பதும், வேலையில் நிற்போரைக் கேளாமல் படம் பிடிக்காதிருப்பதும் அன்று முதல் எங்கள் ஒழுங்குகளிற் சேர்ந்தன.

2020 இல் கொரோனா வந்து வீட்டுக்குள் அடைத்தது. அப்பொழுது நடை நின்றது. தொலைபேசி விசாரணை நிற்கவில்லை. 2022 இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்து வாகனங்களை நிறுத்தியது. அப்பொழுது நகரிலிருந்தே கால்நடையாக உடவத்தகெலே காட்டுக்கும் ஹந்தானை அடிவாரத்துக்கும் போய் வந்தோம். ஹந்தானையில் அந்தப் பாறையருகே படவரைஞர் தம் குடுவையைத் திறந்து எல்லோருக்கும் தேநீர் வார்த்தார். கடைசியாக வந்து உட்கார்ந்த மாணவனுக்குத்தான் முதற் கோப்பை.

இன்று நாங்கள் முப்பத்திரண்டு பேர். முன்பிருந்த நாற்பது இப்பொழுது இல்லை. ஆயினும், ஒருவர் வராவிட்டால் மற்ற முப்பத்தொருவருக்கும் அது தெரியும்.