எலிக் காய்ச்சலில் சிறுநீரகம் சிக்குவது ஏன்?

சிறுநீரகம் அறிவோம் – 12

கிள்ளான் பள்ளத்தாக்கில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதல் கேள்வி, "டெங்கியா?" இரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் இறங்கியிருந்தால் பலர் முடிவே கட்டிவிடுகிறார்கள். கொசுவைத் தேடுகிற நாம் எலியை மறந்துவிடுகிறோம். எலியால் வரும் இரண்டு காய்ச்சல்களிலும் பிளேட்லெட் இறங்கும். இரண்டிலும் பெரிய அடி வாங்குவது சிறுநீரகம்.

முதலாவது, 'கென்சிங் தீக்குஸ்' என்று நாம் சொல்லும் லெப்டோஸ்பைரோசிஸ். 1925இலேயே வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் மலாயாவில் இதைப் பதிவு செய்துவிட்டார். 2010இல் பகாங்கின் லூபோக் யூவில், நீரில் மூழ்கியவரைத் தேடப் போன சிலருக்கு இந்நோய் தொற்றியது. அதே ஆண்டு டிசம்பரில், மருத்துவர்கள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களில் இதுவும் சேர்ந்தது.

இரண்டாவது, ஹந்தா வைரஸ். கொரியப் போரில் 3,000க்கும் அதிகமான ஐ.நா. வீரர்களைப் படுக்கையில் தள்ளிய காய்ச்சலுக்கு இதுவே காரணம் என்று 1976இல் கண்டுபிடித்தவர் லீ ஹோ வாங். அதற்கு முன்பே, 1964இல், வேலூர் தோட்டப்பாளையத்தில் பிடிபட்ட மூஞ்சூறு ஒன்றில் இதே குடும்ப வைரஸ் கிடைத்திருந்தது. அது மனிதர்களுக்கு நோய் தருவதாக உறுதியாகவில்லை. ஆனால் சாக்கடை எலி சுமக்கும் சியோல் வைரஸ் நோய் தரும். அந்த எலி கப்பலேறி உலகத் துறைமுகங்களையெல்லாம் எட்டியிருக்கிறது. கிள்ளானும் துறைமுக நகரம்தான்.

ஹந்தா தாக்கும்போது நுண் இரத்தக்குழாய்களின் சுவர் கசியத் தொடங்குகிறது. சிறுநீரில் புரதம் இறங்கும். இரத்த அழுத்தம் சரியும். சிறுநீரகத்துக்குப் போதிய இரத்தம் போகாது. லெப்டோவில் கிருமியே சிறுநீரகக் குழாய்களில் குடியேறிவிடுகிறது. இங்கே ஒரு சூழ்ச்சி உண்டு. சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கும்போதே சிலருக்குச் சிறுநீர் தாராளமாகப் போகும், இரத்தத்தில் பொட்டாசியம் குறையும். "போகிறதே" என்று ஏமாந்துவிடக் கூடாது.

யாருக்குப் பாதிப்பு கடுமையாகும்? ஐரோப்பாவில் பரவும் பூமாலா என்ற ஹந்தா வகையை வைத்து இதை நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். தொடக்கத்திலேயே பிளேட்லெட் 60,000க்குக் கீழே போனவர்களுக்குச் சிறுநீரகம் கடுமையாகப் பாதிக்கப்பட்டதாக ஜெர்மனி ஆய்வு சொல்கிறது. புகைப்பவர்களுக்குப் பாதிப்பு அதிகம் என்கிறது பின்லாந்து ஆய்வு. சிறுநீரில் நனைக்கும் சாதாரணப் பரிசோதனைப் பட்டையும் துப்புக் கொடுக்கும். புரதம் இருந்தால் அதன் மஞ்சள் கட்டம் ஒரு நிமிடத்துக்குள் பச்சையாக மாறும். நிறம் அழுத்தமாக ஏற ஏற, கவனமும் ஏற வேண்டும்.

லெப்டோவில் மஞ்சள் காமாலை, மூச்சுத் திணறல், சிறுநீர் குறைதல் மூன்றும் அபாய மணி. தாமதமும் ஆபத்து. ஹந்தாவுக்கென்று தனி மருந்து இல்லாததால் நீர்ச்சத்தையும் இரத்த அழுத்தத்தையும் காத்து, தேவைப்பட்டால் டயாலிசிஸ் செய்து உயிரைக் காப்பாற்றுகிறார்கள். லெப்டோவுக்கோ பென்சிலின், டாக்சிசைக்ளின் என்று மருந்து உண்டு. அதைத் தாமதமாகக் கொடுப்பதுதான் குறை.

நம்மவர்களுக்கு இன்னொரு சுமை. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. நீரிழிவால் ஏற்கெனவே தளர்ந்த சிறுநீரகம் இன்னோர் அடியைத் தாங்காது. அதன்மேல் உடம்பு வலிக்கென்று பொன்ஸ்டன், வோல்டரன் போட்டுக்கொண்டால் எரிகிற நெருப்பில் எண்ணெய்தான். காரணம் தெரியும்வரை காய்ச்சலுக்குப் பனடோல் போதும், அதுவும் அளவோடு.

பிரிக்ஃபீல்ட்ஸ் கடைகளின் பின்சந்தில் சாக்கடை கழுவுகிறவர், கிள்ளான் சந்தையில் சரக்கு இறக்குகிறவர், 2021 டிசம்பர் வெள்ளம் போல இன்னொன்று வடிந்தபின் வீட்டுச் சேற்றை அள்ளுகிறவர் எல்லோருக்கும் சொல்வது இதுதான். பூட்ஸும் கையுறையும் போடுங்கள். எலிப்புழுக்கை கிடந்தால் காய்ந்தபடியே பெருக்காதீர்கள். அந்தத் தூசியில்தான் ஹந்தா பரவும். குளோரோக்ஸ் கலந்த நீரை ஊற்றி ஊறவிட்டுத் துடையுங்கள். காய்ச்சல் வந்தால் கிளினிக்கில் மூன்று விஷயங்களை நீங்களே சொல்லுங்கள்: எலி நடமாட்டம், வெள்ளநீரில் இறங்கியது, சிறுநீரின் அளவும் நிறமும். மருத்துவர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.