ராத்திரி வண்டி எங்கே நிற்கும்?

அமெரிக்க வாடகைக் கார் நிறுவனமான ஹெர்ட்ஸ், ஒரு லட்சம் டெஸ்லா மின்கார்களை வாங்கப்போவதாக 2021 அக்டோபரில் அறிவித்தது. 2024 ஜனவரியில் அதே நிறுவனம், கைவசம் இருந்த மின்கார்களில் சுமார் 20,000 கார்களை விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் ஒரு பகுதியைப் போட்டு பெட்ரோல் கார் வாங்கப்போவதாகச் சொன்னது. இரண்டே கால் வருடத்தில் கணக்கு எங்கே பிசகியது?

வாடகைக் கார் தொழிலில் ஓடி முடித்த காரை என்ன விலைக்குத் தள்ளிவிட முடிகிறது என்பது முக்கியம். 2023-ல் டெஸ்லா தன் புதுக் கார்களின் விலையைப் பலமுறை குறைத்தது. புதுசு இறங்கினால் பழசும் கூடவே இறங்கும். இடிபட்ட மின்காரைச் சரிசெய்யும் செலவும் கையைக் கடித்தது.

சீனாவின் ஷென்சென் நகரத்தில் நடந்ததோ நேரெதிர். அங்கே 2017 முடிவதற்குள் 16,000-க்கும் மேற்பட்ட நகரப் பேருந்துகள் முழுக்க மின்சாரத்துக்கு மாறின. மின்பேருந்தின் விலை டீசல் பேருந்தைவிடப் பல மடங்கு. அதில் பெரும்பங்கை அரசு மானியம் சுமந்தது. பேட்டரிக்கு உற்பத்தியாளரே எட்டு வருட உத்தரவாதம் தந்தார். பேருந்துக்குத் தினமும் ஒரே தடம், ராத்திரியானால் டிப்போ. மின்கட்டணம் குறைந்த அந்த நேரத்தில் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம். வாடகைக் கார் யார் கையில் எந்த ஊருக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்?

சென்னையிலும் இந்தக் கணக்கைப் பார்க்கலாம். 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்பேருந்துகள் புறப்பட்டன. மாநகர் போக்குவரத்துக் கழகம் அவற்றை வாங்கவில்லை. ஓடும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ஒப்பந்ததாரருக்குப் பணம் தருகிறது. வண்டியும் பராமரிப்பும் அவர் பொறுப்பு. டிக்கெட் வசூல் கழகத்துக்கு. புதுத் தொழில்நுட்பத்தின் ஆபத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும் ஏற்பாடு இது.

சுற்றுச்சூழல் அக்கறை நிறுவனங்களை மின்வண்டி ஷோரூம் வாசல்வரை அழைத்து வரும். கையெழுத்துப் போட வைப்பது கணக்கு. உங்கள் அலுவலகத்திலோ பிள்ளைகளின் பள்ளியிலோ மின்வண்டிப் பேச்சு எழுந்தால், விலையைக் கேட்பதற்கு முன் இரண்டைக் கேளுங்கள்: ராத்திரி வண்டி எங்கே நிற்கும்? பேட்டரி போனால் யார் தலையில் விடியும்?