தேக்கமும் காவலும்

நுழையும்முன்

ஆற்றுநீரைத் தேக்கிப் பயன்கொள்ளக் கற்ற மனிதன், இன்று கதிரவன் ஒளியில் பெற்ற மின்னாற்றலையும் தேக்கி வைக்கிறான். தேக்கிய ஆற்றல் நன்மை தருவதும் தீங்கு விளைவிப்பதும் அதனை நிறுவிக் காக்கும் முறையைப் பொறுத்தவை. மின்கலச் சேமிப்பு அமைப்புகளை நிறுவும்போது பின்பற்ற வேண்டிய பாதுகாப்பு நெறிகளை இப்பாடம் விளக்குகிறது.

ஏரியும் மின்கலமும்

நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூர் வட்டத்தில் காவிரிக் கரையில் அமைந்த ஊர் ஜேடர்பாளையம். அங்குள்ள படுகை அணையிலிருந்து பிரியும் இராஜ வாய்க்கால், தன் கிளை வாய்க்கால்களுடன் வெற்றிலைக் கொடிக்கால்களையும் வாழை, கரும்புத் தோட்டங்களையும் வளப்படுத்துகிறது. நீரைத் தேக்கிப் பகிர்வதில் நம் முன்னோர் தேர்ந்தவர்கள். ஏரி ஒன்றை அமைக்கும்போது நீரைத் தாங்கக் கரையும், வேண்டும்போது திறந்து மூட மதகும், மிகுநீர் வழிந்தோடக் கலிங்கும் அமைத்தனர். கரையைக் கண்காணிக்கக் காவலும் வைத்தனர். இந்நான்கில் ஒன்று குறைந்தாலும் ஏரி ஊருக்கு அச்சமாகிவிடும்.

மின்கலச் சேமிப்புக்கும் இந்நான்கும் தேவை. அலகுகளைப் பிரிக்கும் இடைவெளியே அதன் கரை, மின்துண்டிப்பானே மதகு, வளிமங்கள் வெளியேறும் வழியே கலிங்கு, மின்கல மேலாண்மை அமைப்பே காவல்.

சேமிப்பின் தேவை

கதிரவன் மறையும் மாலைப்பொழுதில்தான் வீடுகளில் விளக்குகள் எரியத் தொடங்குகின்றன. பகலில் மிகும் சூரிய மின்சாரத்தை இரவுக்கு ஒதுக்கி வைத்தாலன்றி அதன் முழுப்பயனையும் பெற இயலாது. இந்நோக்கில் 2019ஆம் ஆண்டு தில்லியின் ரோகிணிப் பகுதியில் 10 மெகாவாட் திறனுள்ள மின்கலச் சேமிப்பு நிலையம் தொடங்கப்பட்டது. தமிழ்நாடு பசுமை ஆற்றல் கழகமும் 2025ஆம் ஆண்டில் 500 மெகாவாட் திறனும் 1000 மெகாவாட் மணி கொள்ளளவும் கொண்ட நிலையங்களுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரியது. ஒரு மெகாவாட் மணி என்பது நம் வீட்டு மின்கட்டண அட்டையில் குறிக்கப்பெறும் 1000 யூனிட்டுகளுக்குச் சமம். இத்துணை ஆற்றல் ஓரிடத்தில் குவியும்போது பாதுகாப்பு முதற்கடமையாகிறது.

வெப்பம் கட்டுமீறும் விதம்

லித்தியம் அயனி மின்கலத்தில் நேர்மின்வாய், எதிர்மின்வாய் ஆகியவற்றுக்கு இடையே மெல்லிய பிரிப்பான் ஒன்று உள்ளது. அதனைச் சூழ்ந்துள்ள மின்பகுளி எளிதில் தீப்பற்றும் கரிமக் கரைப்பானால் ஆனது. அளவுக்கு மிஞ்சிய மின்னேற்றம், வெளி வெப்பம், அடிபடுதல், உற்பத்திக் குறை ஆகியவற்றுள் ஒன்றினால் பிரிப்பான் சிதைந்தால் உள்ளே குறுக்குச்சுற்று ஏற்படும். அதனால் எழும் வெப்பம் வேதிவினைகளை விரைவுபடுத்தும். அவ்வினைகள் மேலும் வெப்பத்தை உண்டாக்கும். தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் இந்நிகழ்வைக் கட்டுமீறிய வெப்பப்பெருக்கம் என்பர். ஒரு கலத்தில் தொடங்கிய வெப்பம் அடுத்த கலத்துக்குத் தாவும். ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு முதலிய எரியும் வளிமங்களும், நச்சுத்தன்மையுள்ள ஹைட்ரஜன் ஃபுளோரைடும் வெளிப்படும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைக் கலங்கள் வெப்பத்தை ஒப்பீட்டளவில் நன்கு தாங்குபவை. ஆயினும் அவையும் சிதையும்போது எரியும் வளிமங்களை வெளியிடும். எனவே, எவ்வகைக் கலமாயினும் காவல் வேண்டும்.

தெரியுமா?

சிவகங்கை மாவட்டம் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் உள்ளது. இதற்கு 1948இல் ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். வள்ளல் அழகப்பர் நிலமும் நிதியும் வழங்கினார். மின்கல ஆய்வில் இந்நிறுவனம் தொடர்ந்து ஈடுபட்டு வருகிறது.

விபத்துகள் புகட்டிய பாடம்

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 19 அன்று, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள ஒரு சேமிப்பு நிலையத்திலிருந்து புகை எழுந்தது. அந்நிலையத்தின் கொள்ளளவு 2 மெகாவாட் மணி மட்டுமே. தீயணைப்பு வளிமம் தானாகவே பீய்ச்சப்பட்டது. எனினும் அது வெப்பப்பெருக்கத்தைத் தடுக்கவில்லை. மூடிய அறைக்குள் எரியும் வளிமங்கள் தேங்கின. அவை வெளியேற வழியில்லை. சில மணி நேரம் கழித்துத் தீயணைப்பு வீரர்கள் கதவைத் திறந்தனர். சற்று நேரத்தில் பெருவெடிப்பு நிகழ்ந்தது. வீரர்கள் நால்வர் கடுங்காயமுற்றனர். தீயை அணைக்கும் ஏற்பாடு இருந்தும் கலிங்கு இல்லாத ஏரியைப் போல அந்நிலையம் உடைந்தது.

தென்கொரியாவில் 2017 ஆகஸ்ட் முதல் 2019 மே வரை இத்தகைய நிலையங்களில் 23 தீவிபத்துகள் நிகழ்ந்தன. அவற்றை ஆராய்ந்த அரசுக்குழு 2019 ஜூன் மாதத்தில் நான்கு காரணங்களைக் கூறியது. மின்னதிர்ச்சியிலிருந்து கலங்களைக் காக்கும் ஏற்பாட்டின் குறை, ஈரமும் தூசியும் படியும் சூழலைச் சீராகப் பேணாமை, நிறுவும்போது நேர்ந்த கவனக்குறைவு, பகுதிகளை ஒருங்கிணைத்துக் கட்டுப்படுத்தும் அமைப்பின் குறை என்பனவே அவை. பின்னர் நிகழ்ந்த விபத்துகளை ஆராய்ந்த குழு, 2020 பிப்ரவரியில் மின்கலங்களின் குறைகளையும் சுட்டிக்காட்டியது. தரமான கலத்தை வாங்குவதோடு கடமை முடிவதில்லை; அதனை முறையாக நிறுவுதலும் வேண்டும் என்பதே இவ்விரு அறிக்கைகளிலிருந்தும் நாம் பெறும் பாடம்.

நிறுவும் நெறிகள்

முதலாவது, இடத்தேர்வு. 2018, 2022 ஆகிய ஆண்டுகளின் ஆகஸ்ட் மாதங்களில் மேட்டூர் அணையிலிருந்து வினாடிக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கனஅடி நீர் திறக்கப்பட்டது. காவிரியோர ஊர்களில் நிலையம் அமைப்போர் வெள்ளம் எட்டாத மேட்டு நிலத்தையே தேர்தல் வேண்டும். கோடையில் 40 பாகை செல்சியசை நெருங்கும் இச்சமவெளியில் குளிரூட்டும் ஏற்பாடும் இன்றியமையாதது.

இரண்டாவது, இடைவெளி. அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புக் கழகத்தின் 855ஆம் எண் தரநெறி, சேமிப்பு அலகுகளை 50 கிலோவாட் மணிக்கு மிகாத தொகுதிகளாகப் பிரித்து, தொகுதிகளுக்கிடையே ஏறத்தாழ 0.9 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பதைப் பொதுவிதியாகக் கொள்கிறது. தீப்பரவல் ஆய்வில் பாதுகாப்பு மெய்ப்பிக்கப்பட்டால் மட்டுமே இவ்வளவுகளைத் தளர்த்தலாம்.

மூன்றாவது, காற்றோட்டம். வளிமத்தை உணரும் கருவியும், அதனை உடனே வெளியேற்றும் விசிறியும், வெடிப்பின் அழுத்தத்தை ஆளில்லாத் திசையில் வெளிவிடும் திறப்பும் அமைதல் வேண்டும்.

நான்காவது, மின்துண்டிப்பு. ஊர் மின்தொடரை நிறுத்தினாலும் மின்கலத்தில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். மேலும், மாறுதிசை மின்னோட்டம் ஒவ்வொரு சுழற்சியிலும் சுழியைத் தொடுவதால் அதன் மின்வில் எளிதில் அணையும்; நேர்த்திசை மின்னோட்டத்தின் மின்வில் அவ்வாறு அணைவதில்லை. ஆகவே, நேர்த்திசை மின்னோட்டத்துக்கென உருவாக்கப்பட்ட மின்துண்டிப்பான், மின்உருகி, புவியிணைப்பு ஆகியவற்றையே பொருத்துதல் வேண்டும். துண்டிப்பான் அறைக்கு வெளியே எட்டும் இடத்தில் இருத்தல் நன்று.

ஐந்தாவது, கண்காணிப்பு. ஒவ்வொரு கலத்தின் மின்னழுத்தத்தையும் வெப்பத்தையும் அளந்து, எல்லை மீறியவுடன் மின்னேற்றத்தை நிறுத்தும் மேலாண்மை அமைப்பு இடையறாது இயங்க வேண்டும். விபத்து நேர்ந்தால் செய்ய வேண்டுவனவற்றை அப்பகுதித் தீயணைப்பு நிலையத்தாரோடு முன்னரே கலந்து வகுத்தலும் நிறுவுவோர் கடமையாகும்.

வீட்டிற்குள் காவல்

இந்நெறிகள் பெரிய நிலையங்களுக்கு மட்டும் உரியன அல்ல. மின்தடையின்போது பயன்படும் இன்வெர்ட்டரின் காரீய அமிலச் சேமக்கலம் மின்னேற்றத்தின்போது ஹைட்ரஜனை வெளியிடும். காற்றில் அதன் அளவு 4 விழுக்காட்டை எட்டினாலே பொறி ஒன்று போதும், தீப்பற்றிவிடும். ஆதலால், அதனை அடைத்த அலமாரிக்குள்ளும் பூசையறை விளக்கின் அருகிலும் வைத்தலாகாது. படிக்கட்டின் அடியில் வைக்கும் வழக்கமும் கைவிடத்தக்கது. தீ நேர்ந்தால் தப்பிச் செல்லும் வழியே அடைபட்டுவிடும்.

2022 மார்ச் மாதம் பாலாற்றங்கரை வேலூரில், இரவில் மின்னேற்றத்தில் இருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றியது. புகை சூழ்ந்த வீட்டில் தந்தையும் மகளும் மூச்சுத்திணறி உயிரிழந்தனர். மின்கலத் தீயில் சுடரைவிடப் புகை முந்திக் கொல்லும் என்பதை இத்துயரம் உணர்த்துகிறது. படுக்கையறையிலும் வெளியேறும் வழியிலும் லித்தியம் மின்கலங்களை வைத்து மின்னேற்றுதல் தவிர்க்கப்பட வேண்டும். உப்பிய கலத்தைப் பயன்படுத்துதலும், பழைய கலங்களைப் பிரித்துச் சேர்த்துப் புதிய அடுக்காக்குதலும் கூடா. இணைப்புப் பணியை அரசின் மின்உரிமம் பெற்றவரிடமே ஒப்படைத்தல் வேண்டும். புகை எழுந்தால் பொருளைக் காக்க முனையாமல், அனைவரும் வெளியேறிக் கதவைச் சாத்தி, 101 என்னும் எண்ணில் தீயணைப்புத் துறையை அழைத்தல் வேண்டும். அணைந்ததாகத் தோன்றும் மின்கலம் பல மணி நேரம் கழித்தும் மீண்டும் பற்றக்கூடும். எனவே, அதனருகே செல்லுதல் ஆகாது.

காக்கும் தலைமுறை

கரையைக் காத்தவர்களால்தான் வாய்க்கால்கள் இன்றும் ஓடுகின்றன. நாளை நம் ஊர்களில் எழவிருக்கும் மின்கல நிலையங்களை வடிவமைப்போரும், நிறுவுவோரும், ஆய்வு செய்வோரும், தீயணைக்கச் செல்வோரும் இன்று வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவர்களே. ஒரு திருகாணியைச் சரியாக முடுக்குவதும், ஓர் இடைவெளியைக் குறைக்காமல் விடுவதும் முகம் அறியாத ஒருவரின் உயிரைக் காக்கும் செயல்கள். ஆற்றலைத் தேக்குவோர் காவலையும் சேர்த்தே தேக்குதல் வேண்டும்.